கானாவூருக்கு முந்தின பெயர்

2024 ஜூன் 3, திங்கள்

நேற்றைய சபைக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது என்றிருந்தேன். கோபத்தில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் எனக்குக் கோபம் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

கானாவூர் சபைக்கு இந்த ஆகஸ்டில் நூற்றெழுபத்தைந்து வயது. ஒன்பதாம் தேதி பெரிய அசனம். இருபத்தைந்து மூடை அரிசி, நாற்பது கிடா. சோற்றை வடித்துப் பந்தலில் பாய் விரித்து மலையாகக் கொட்டுவார்கள். ஐயர் ஜெபிப்பார். (எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) பிறகு, இந்தச் சபையில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தின் மூத்த ஆண்பிள்ளை அந்த மலையிலிருந்து முதல் அகப்பைச் சோற்றை அள்ளுவார். அதற்கப்புறம்தான் ஊர் சாப்பிடலாம். அந்த அகப்பை ஈசாக்கு உபதேசியார் வீட்டு உரிமை. அவர் என் தாத்தாவின் தாத்தா. என் அப்பா அள்ளினார். பத்தொன்பது வருஷமாக நான் அள்ளுகிறேன்.

நேற்று பொன்னுத்துரை மச்சான் எழுந்து நின்றார். என் மனைவி கிருபாவதியின் அண்ணன். டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"மொத ஞானஸ்நானம் எடுத்தது எங்க யாக்கோபு தாத்தாதான். ஈசாக்கு பிந்தித்தான். மாப்ளைக்கு மனசு கஷ்டப்படுமேன்னு இவ்வளவு நாளா சொல்லல" என்றார்.

நான் அமைதியாக எழுந்து, ஆதியாகமத்தின்படி ஈசாக்கின் மகன்தான் யாக்கோபு, தகப்பனுக்கு முந்தி மகன் எப்படி ஞானஸ்நானம் பெறுவான் என்று கேட்டேன். சபை சிரித்தது.

"அப்ப ஒம்ம தாத்தாதான் எங்க தாத்தாவப் பெத்தாராவே?" என்றார் மச்சான். சபை இன்னும் அதிகமாகச் சிரித்தது.

சாலொமோன் ஐயர் இந்தச் சபைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. சண்டையை வளர்க்காமல் தீர்ப்புச் சொன்னார்: "ஜூலை இருபத்தெட்டுக்குள்ள யாராவது எழுத்துல ஆதாரம் கொண்டு வாங்க. இல்லன்னா சீட்டு குலுக்கிப் போடுவோம்." கோயில் பீரோவில் பழைய பதிவேடுகள் நான்கு இருக்க வேண்டும். மூன்று புத்தம் புதிதாக இருக்கின்றன. முதலாவதைக் கரையான் தின்றுவிட்டது என்கிறார்கள். நான்கில் முதலாவதை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்கிற கரையானை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

சீட்டாம். பத்தொன்பது வருஷ உரிமையைச் சீட்டில் போடுவதாம்.

ஜூன் 4, செவ்வாய்

கிருபா காலையிலிருந்து பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். பால்காரியிடம் மட்டும் அரைமணி நேரம் பேசினாள்.

ஜூன் 7, வெள்ளி

ஆதாரத்துக்கு வழி பிறந்துவிட்டது. பெங்களூரிலிருந்து மகள் ஜெமிமா போனில் சொன்னாள். உலகம் முழுக்க உள்ள பழைய கோயில் பதிவேடுகளைப் படம் பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் தங்கள் முன்னோரைத் தேடலாம். அவள் இங்கே விட்டுப்போன லேப்டாப்பைத் தூசி தட்டினேன்.

திறந்து பார்த்ததும் எனக்கு மனது நிறைந்துவிட்டது. எல்லாம் ஊர் வாரியாக அடுக்கியிருக்கிறது. நாடு, மாகாணம், ஜில்லா, ஊர். தபால் பிரிக்கிற பலகையேதான். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் போதும் என்று போட்டிருந்தார்கள். ஊர்ப் பெயர் விஷயத்தில் இந்த அருமைநாயகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தாறு வருஷ தபால் சர்வீஸ், அதில் பதினாலு வருஷம் போஸ்ட்மாஸ்டர். என் கையால் ஒரு கடிதம் வழி தவறிப் போனதில்லை.

கானாவூர் என்று தட்டினேன். ஒன்றும் வரவில்லை. கானா என்று மட்டும் தட்டினேன். அமெரிக்காவில் ஒரு கானா வந்தது. பிரேசிலில் ஒன்று. அப்புறம் கலிலேயாவில் இருக்கிற அசல் கானா.

ஜூன் 8, சனி

பிரேசில் கானாவில் நடந்த கல்யாணங்களை இரண்டு மணி நேரம் பார்த்தேன். வீணாகப் பார்க்கவில்லை. பதிவு முறை தெரிய வேண்டும் அல்லவா?

கிருபாவின் தொண்டை சரியாகிவிட்டது. "என்னத்தத் தேடுதிய?" என்றாள். சொன்னேன். "கர்த்தரே சில கதவ சாத்தி வச்சிருக்காரு. நீங்க எதுக்குப் போயி தள்ளுதிய?" என்றாள். சொந்த அண்ணன் தோற்கப் போகிறார் என்ற பயம். மனித சுபாவம்தான், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 15, சனி

நேற்றுப் படுக்கப் போகும்போது மூளையில் உறைத்தது. ஞானஸ்நானம் நடந்த அன்றைக்குக் கானாவூரே கிடையாது!

எங்கள் பக்கத்தில் பாதி ஊருக்கு இதே கதைதான். ஊர் மொத்தமும் வேதத்துக்கு வந்ததும் மிஷன் துரைமார் பழைய பெயரை எடுத்துவிட்டு வேதாகமத்திலிருந்து ஒரு பெயரை வைத்துவிடுவார்கள். எங்கள் ஊருக்குப் பெயர் வைத்தவர் ஹாப்லின் துரை. கலிலேயாவின் கானாவில் ஆண்டவர் தண்ணீரைத் திராட்சரசமாக்கினார். இந்தக் கானாவில் துரை கள்ளைத் தண்ணீராக்கினார். அப்படித்தான் ஊரில் சொல்வார்கள். பெயர் வைத்தது சபை பிறந்து ஆறு வருஷம் கழித்து. ஆகவே முதல் பதிவேடு பழைய பெயரில்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பழைய பெயர் என்ன? எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊருக்கே தபால் பட்டுவாடா பண்ணியவன், என் ஊரின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வயதான ஆண்கள் பதினோரு பேரிடம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. "கானாவூர்னா கானாவூர்தான், அதுக்கு முந்தி காடு" என்றார் ஒருவர். பிறகு பெண்கள் சங்கத்தார் உட்கார்ந்திருந்த வேப்பமரத்தடிக்குப் போய்க் கேட்டேன். அதுவரை காக்காய்க் கூட்டமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரேயடியாக அடங்கிவிட்டார்கள். மச்சானின் மனைவி லில்லிபுஷ்பம் அக்காள் மட்டும், "பழசெல்லாம் எதுக்கு தம்பி, வெயிலு ஏறுது, வீட்டுக்குப் போங்க" என்றார்கள்.

பெண்களுக்குச் சரித்திர உணர்வு குறைவு.

ஜூன் 20, வியாழன்

இணையம் வேலை செய்யவில்லை. மாதாமாதம் அதைப் புதுப்பிக்கிற பொறுப்பு கிருபாவுடையது. மறந்துவிட்டாளாம். நாற்பத்துநாலு வருஷத்தில் உப்பு வாங்கக்கூட மறந்ததில்லை.

ஜூன் 22, சனி

நானே நேரில் போய்ப் புதுப்பித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் லேப்டாப்பின் சார்ஜர் வயரைக் காணோம். தேடினோம். கிருபாவும் சேர்ந்து தேடினாள். கடைசியில் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள். மூடி போட்ட பானை.

ஜூன் 25, செவ்வாய்

புதிய முறை. ஹாப்லின் துரையின் வட்டாரத்துக்குப் பட்டியலில் ஒரே ஒரு பதிவேடுதான் இருக்கிறது, துரை தன் கையோடு சீமைக்குக் கொண்டுபோன நகல். அதன் முகப்பில் அது எந்தெந்த ஊர்களுக்கானது என்று நாற்பத்தொரு பெயர் எழுதியிருக்கிறது. எல்லாம் அந்தக் காலத்துப் பெயர்கள், வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி. அத்தனையும் நான் சைக்கிளில் சுற்றிய ஊர்கள்தான். ஒவ்வொன்றாக இன்றைய ஊரோடு பொருத்திக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு பெயர் ஊர் இல்லாமல் மிஞ்சும். ஒரு ஊர் பெயர் இல்லாமல் மிஞ்சும். அது இரண்டும் ஒன்றுதான்.

விலாசம் தெரியாத கடிதத்தை நாங்கள் அப்படித்தான் கண்டுபிடிப்போம். கம்ப்யூட்டருக்கு இந்த வித்தை தெரியாது.

ஜூன் 29, சனி

இருபத்தாறு ஊர் முடிந்தது.

ஜூலை 2, செவ்வாய்

முப்பத்தெட்டு. மச்சான் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "என்ன மாப்ளே, ஒம்ம பெட்டி என்ன சொல்லுது?" என்று கத்தினார். நான் புன்னகை மட்டும் செய்தேன். எனக்கு அவர்மேல் எந்த வருத்தமும் இல்லை. அகப்பையை நான் அள்ளும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று மட்டும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் இருக்கலாம்.

ஜூலை 5, வெள்ளி

மிஞ்சிவிட்டது!

கூழையன் குடியிருப்பு.

வடக்கே எங்கள் ஓடை, கிழக்கே தேரி மணல் மேடு என்று பக்கத்தில் குறிப்பும் இருக்கிறது. சந்தேகமே இல்லை. கூழையன் என்று ஒருவர் வந்து குடியேறிய இடம். அதுதான் என் ஊர்.

மத்தியானம் சாப்பிடும்போது கிருபாவிடம் சொன்னேன். சோற்றில் ரசத்துக்குப் பதில் குடிதண்ணீரை ஊற்றிவிட்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

பதிவேட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாற்பத்தொரு ஊரும் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொரு பக்கமாகத் திருப்ப வேண்டும். துரையின் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல் இருக்கிறது. கண் எரிகிறது. கிருபா கண்ணுக்கு விளக்கெண்ணெய் போட்டுக்கொண்டு மூன்று நாள் கண்ணை மூடிப் படுக்கச் சொல்கிறாள்.

ஜூலை 13, சனி

காலை: கிடைத்துவிட்டது. இருநூற்று எழுபத்தொன்றாம் பக்கம். ஈசாக்குதான் முந்தி. அகப்பை எங்களுடையதுதான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!

சாயங்காலம்: இன்னொரு முறை படித்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை.

ஜூலை 15, திங்கள்

வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. எழுதிவிடுகிறேன். எழுதினால் தெளியும்.

அந்தப் பக்கத்தில் கூழையன் குடியிருப்பு என்ற தலைப்பின்கீழ் மூன்று பேர். ஒரே நாளில் ஞானஸ்நானம்.

முதல் வரி: கூழையன், வயது சுமார் ஐம்பது, புதுப் பெயர் ஆபிரகாம்.

இரண்டாவது வரி: மாடக்கண்ணு, வயது இருபத்திரண்டு, புதுப் பெயர் ஈசாக்கு. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்: மேற்படி கூழையன், மூத்த மகன்.

மூன்றாவது வரி: சிவனணைந்தான், வயது பத்தொன்பது, புதுப் பெயர் யாக்கோபு. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்: மேற்படி கூழையன், இளைய மகன்.

மேற்படி. தபால் இலாகாவில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன் இந்த வார்த்தையை. இப்படி ஒருநாள் என் தலையில் விழும் என்று நினைத்ததில்லை.

ஈசாக்கும் யாக்கோபும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அப்படியானால் ஈசாக்கு வீட்டாரும் யாக்கோபு வீட்டாரும் பங்காளிகள். பங்காளிகளுக்குள் சம்பந்தம் கிடையாது. எத்தனை தலைமுறை போனாலும் முறை முறைதான். பொன்னுத்துரை மச்சான் எனக்கு மச்சான் இல்லை, அண்ணன். லில்லிபுஷ்பம் அக்காள் எனக்கு மதினி. கிருபா எனக்கு

இந்த வரியை நான் எழுதப் போவதில்லை.

ஜூலை 16, செவ்வாய்

காபி கொண்டுவந்து வைத்தாள். "என்ன அப்படிப் பாக்கிய?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். வாழ்க்கையில் அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாய் அப்படிப் போய்விட்டது.

ஜூலை 18, வியாழன்

சாலொமோன் ஐயரைப் பார்க்கப் போனேன். எனக்குத் தெரிந்த ஒருவர், வேறு ஊர், வேறு ஜில்லா, கல்யாணமாகி நாற்பத்துநாலு வருஷம் கழித்து, கணவனும் மனைவியும் ஐந்து தலைமுறைக்கு முன்னால் பங்காளிகள் என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பொதுவாகக் கேட்டேன்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சபைச் சட்டத்துல ஒரு தடையும் இல்லண்ணே. அவ்வளவு தூரத்து உறவையெல்லாம் யாரும் கணக்குப் பாக்கறதில்ல. தேவனுக்கு முன்னால அந்தக் கல்யாணம் நல்ல கல்யாணம்தான்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "அப்ப வெளிய சொன்னாலும் தப்பில்லையே?"

"தேவன் தாங்கிக்குவாரு. உங்க நண்பர் ஊர் தாங்குமா?" என்றார். பிறகு, "அந்த வேற ஜில்லாக்காரருக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஜூலை 20, சனி

ஊர் தாங்குமா என்று கணக்கெடுத்தேன். ஈசாக்கு வீட்டாருக்கும் யாக்கோபு வீட்டாருக்கும் நடுவே நடந்த கல்யாணங்கள். மேலத்தெருவில் ஆரம்பித்து வீடு வீடாக எழுதினேன். முப்பத்தேழில் நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதி முப்பத்தெட்டாவது. பத்திரிகை அடித்தாயிற்று, மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாங்கியாயிற்று.

நான் அந்த ஒரு பக்கத்தைக் கூட்டத்தில் நீட்டினால் கானாவூரில் பாதிப்பேர் அண்ணன் தங்கையோடு குடும்பம் நடத்துகிறவர்கள் ஆகிவிடுவார்கள். வெளியூர்க்காரன் சிரிப்பான். பேரப் பிள்ளைகளுக்கு எந்த ஊரிலும் சம்பந்தம் கிடைக்காது.

ஆனால் மூத்த மகன் என்று அதிலே தெளிவாக எழுதியிருக்கிறது. துரையின் கையெழுத்தில். மூத்த மகன்!

ஜூலை 22, திங்கள்

இன்று செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

கிருபா கோயிலைப் பெருக்கப் போன நேரத்தில், அந்தப் பக்கத்தைத் தாளில் அச்செடுத்து கத்தரிக்கோலால் வெட்டினேன். ஈசாக்கு, வயது இருபத்திரண்டு, தேதி. அதுவரைக்கும் மட்டும். தகப்பன் கட்டத்தையும் யாக்கோபையும் அகற்றிவிட்டால் ஆதாரமும் ஆயிற்று, ஊருக்கும் கெடுதல் இல்லை. இது பொய் இல்லை. கடிதத்தில் தேவையான பகுதியை மட்டும் வாசித்துக் காட்டுவது போலத்தான்.

நிமிர்ந்தால் கிருபா நிற்கிறாள், கையில் விளக்குமாறோடு.

"யாக்கோபையும் வெட்டிட்டியளா?" என்றாள்.

கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் வைத்தேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு மறுநாள் உங்க அம்மா சொன்னாவ. மருமக்கமாருக்கெல்லாம் சொல்லித்தான் உள்ள சேப்பாவ. ஊருல அம்புட்டு பொம்பளைக்கும் தெரியும்."

உட்கார்ந்துவிட்டேன். அவளும் எதிரே தரையில் உட்கார்ந்து விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். ஈசாக்கும் யாக்கோபும் பேரன் பேத்தி எடுத்த காலத்தில் மழை பொய்த்துக் கிணறெல்லாம் வற்றிவிட்டதாம். தேரி மணலுக்கு நடுவில் தண்ணீர் இல்லாத ஊர். வெளியூர்க்காரன் பெண் கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. முப்பது தாண்டிய பெண்கள் ஏழு பேர் வீட்டிலேயே இருந்திருக்கிறார்கள்.

"பெத்த தாய்மாரெல்லாம் கிணத்தடியில கூடிப் பேசி, இனி ஈசாக்கு வேற, யாக்கோபு வேறன்னு முடிவெடுத்தாவ. ஊருக்குத்தான் புதுப்பேரு வந்தாச்சு, ஆளுக்கும் புதுப்பேரு வந்தாச்சு. பழைய பேரச் சொல்லாம இருந்தா போதும். அப்ப இருந்த ஆம்பளையளும் சரின்னுட்டாவ. ஆனா மக்கமாருல ஆம்பளைக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு ஏற்பாடு."

"ஏன்?"

"சொன்னா சபைக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு பேசுவிய."

சட்டென்று கோயில் பீரோ ஞாபகம் வந்தது.

"அப்ப அந்தக் கரையான்?"

"உங்க அம்மாதான். நீங்க வேலைக்குச் சேந்த வருஷம், புத்தகத்த வெந்நி அடுப்புல வச்சாவ. நீங்க அப்பவே கோயில் பீரோவ ஒழுங்கு பண்ணணும்னு சாவி கேட்டியளாம்."

பிறகு, இத்தனை நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "இதெல்லாம் தெரிஞ்சுமா நாப்பத்துநாலு வருஷம் எங்கூட இருந்த?"

"தெரிஞ்ச அன்னைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவோமான்னு இருந்துச்சு. சாயங்காலம் நீங்க வேல முடிஞ்சு வந்திய. எனக்குன்னு ஒரு பொட்டலம் சேவு வாங்கிட்டு, அத குடுக்கத் தெரியாம ஜன்னல்ல வச்சிட்டுப் போனிய. போட்டும், இவர யாரு பாத்துக்குவான்னு இருந்துட்டேன்." எழுந்து முந்தானையை உதறினாள். "அகப்பை வேணும்னா எடுத்துக்கிடுங்க. நான் தடுக்கல. ஆனா வெட்டுன துண்டு போதாது. அந்த ஐயரு கெட்டிக்காரரு, முழுப்பக்கத்தக் காட்டுன்னுவாரு."

அவள் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. விளக்கெண்ணெய் போடாததால் இருக்கலாம் என்று எழுத நினைத்தேன். அப்படி இல்லை. அவளை இழந்துவிடுவேனோ என்று ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன், அதுதான் காரணம்.

ஜூலை 23, செவ்வாய்

அச்செடுத்த தாளையும் வெட்டிய துண்டுகளையும் அடுப்பில் போட்டேன். நானே போட்டேன், யாரும் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் அள்ளியாயிற்று. கையும் முன்போல இல்லை, அகப்பை நல்ல கனம்.

ஜூலை 28, ஞாயிறு

கூட்டம். மச்சான் புதுவேட்டியில் வந்தார். அவரிடம் இருந்த ஆதாரம், தன் அப்பா தன்னிடம் சொன்னார் என்பது.

ஐயர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். இருநூறு தலை என் பக்கம் திரும்பியது. பெண்கள் பக்கத்தில் விசிறி ஆட்டுவதுகூட நின்றுவிட்டது.

"இரண்டு மாசம் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை" என்றேன். "சீட்டும் வேண்டாம். மச்சான் வயதில் மூத்தவர். அவரே அள்ளட்டும்."

"நெசமாவா மாப்ளே?" என்று கேட்டார் மச்சான். அவர் முகத்தில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. இரண்டு மாதமாகச் சண்டைக்குத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது அல்லவா. அரை நிமிஷத்தில் தேறிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னம்லா? யாக்கோபுதான்! இவரு பெட்டியே ஒத்துக்கிட்டு!" என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் பேசினார். இடையில் நான்கு முறை என் தோளில் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் மூத்த மகன், மூத்த மகன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே புன்னகைதான்.

ஐயர் என்னை உற்றுப் பார்த்து, "உங்க நண்பர் நல்ல முடிவு எடுத்திருக்காரு" என்றார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அசனம். மச்சான் முதல் அகப்பையை அள்ளி, படம் பிடிப்பவர் சரியாகப் பிடிக்கவில்லை என்று இரண்டாவது தடவையும் அள்ளினார். ஒலிபெருக்கியில் யாக்கோபு தாத்தாவின் வரலாற்றை வாசித்தார். அதில் யாக்கோபு கப்பலில் வந்த துரையைத் திருச்செந்தூர்க் கடற்கரையில் தோளில் தூக்கி இறக்கியதாக இருந்தது. இது புதிது.

நான் வரிசையில் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையில் நின்று அசனம் வாங்குகிறேன். கறி ஊற்றிக்கொண்டிருந்தது லில்லிபுஷ்பம் அக்காள். என்னைப் பார்த்ததும் கரண்டியை அடிவரை விட்டு, நல்ல எலும்பாக இரண்டு எடுத்து இலையில் வைத்தார்கள். அடுத்து நின்ற பெண் அப்பளம் இரண்டு வைத்தாள். அதற்கடுத்தவள் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு போட்டாள். பந்தி முடிந்து எழுந்திருக்க முடியாமல் தூணைப் பிடித்து எழுந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அந்த இணையப் பட்டியல்காரர்களிடமிருந்து கடிதம் வந்திருந்தது. நான் அவர்களுடைய பதிவேட்டை நாற்பது மணி நேரத்துக்கு மேல் பார்த்திருக்கிறேனாம். அந்த நாற்பத்தொரு ஊர்களில் ஒன்று மட்டும், கூழையன் குடியிருப்பு, இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம். தெரிந்தால் இன்றைய பெயரைச் சொல்லுங்கள், உங்கள் சந்ததியார் பயனடைவார்கள் என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

சந்ததியார் பயனடைவதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். முப்பத்தாறு வருஷத்தில் எந்தக் கடிதத்தின் மேலும் நான் பொய்க் குறிப்பு எழுதியதில்லை. வீட்டில் ஆள் இருந்தும் இல்லை என்று எழுதிய தபால்காரரைச் சஸ்பெண்ட் செய்திருக்கிறேன். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுதினேன்: 'ஐயா, இந்த வட்டாரம் முழுவதும் எனக்கு நேரில் தெரியும். தாங்கள் குறிப்பிடும் ஊர் இப்போது இல்லை. அதில் குடியிருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை.'

அனுப்புவதற்கு முன் கிருபாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஒருத்தரும் மிஞ்சலன்னு போட்டது நல்லா இல்ல. துக்கச் செய்தி மாதிரி இருக்கு" என்றாள்.

"பின்ன எப்படிப் போட?"

"எல்லாரும் கல்யாணம் கட்டிப் போயிட்டாவன்னு போடுங்க."

அப்படியே மாற்றி அனுப்பினேன். அது பொய் இல்லை.